தீபாவளி ராக்கெட்டில் கடிதம்: வெள்ளத்தைத் தாண்ட வழி தேடிய பல் மருத்துவர் ஸ்டீபன் ஸ்மித்

தென்காசியில் தீபாவளி இரவு. தெருமுனையில் ஒரு காலி பாட்டில், அதற்குள் குச்சியோடு நிற்கும் ராக்கெட். திரியில் நெருப்பு வைத்த அடுத்த நொடி சர்ரென்று மேலே போகும். காசி விஸ்வநாதர் கோயில் கோபுரத்தையே தாண்டிவிட்டதாகப் பசங்க சத்தியம் செய்வார்கள். பத்து நொடியில் எல்லாம் முடிந்துவிடும். மறுநாள் காலையில் யார் வீட்டு மாடியிலோ கருகிய குச்சி மட்டும் கிடக்கும்.

அந்தக் குச்சி ராக்கெட்டின் தலையில் ஒரு கடிதத்தைக் கட்டி அனுப்பினால் எப்படி இருக்கும்? கொஞ்சம் அரிசி? ஒரு பொட்டலம் மருந்து? கேட்பதற்கு விளையாட்டுப் பேச்சு போலத் தெரியும். ஆனால் இதே கேள்வியை ஒருவர் பத்து ஆண்டுகள் விடாமல் துரத்தினார். அவர் விஞ்ஞானி இல்லை, ராணுவ அதிகாரியும் இல்லை. கொல்கத்தாவில் பல் பிடுங்கிக்கொண்டிருந்த மருத்துவர். பெயர் ஸ்டீபன் ஹெக்டர் டெய்லர் ஸ்மித். 1934 முதல் 1944 வரை அவர் ஏவிய ராக்கெட்டுகள் சுமார் 270. அவற்றில் ஏறக்குறைய 80 ராக்கெட்டுகள் தபால் சுமந்தவை.

உலகெங்கும் தபால்தலை சேகரிப்பவர்கள் மத்தியில் ஸ்மித் பிரபலமான பெயர். இந்திய அஞ்சல் துறையே அவருக்குத் தபால்தலை வெளியிட்டிருக்கிறது. இருந்தும் நம் பாடப்புத்தகங்களில் அவர் இல்லை. யார் இவர்? எதற்காக இத்தனை ராக்கெட்டுகளை விட்டார்? கடைசியில் அந்த முயற்சி என்ன ஆனது?

குற்றாலத்துக்காரருக்குச் சட்டெனப் புரியும் பிரச்சினை

ஸ்மித்தின் கேள்வியைப் புரிந்துகொள்ளக் கொல்கத்தா வரை போக வேண்டாம். குற்றாலத்தில் நின்றாலே போதும்.

சாரல் காலத்தில் பேரருவியும் ஐந்தருவியும் அழகுதான். ஆனால் மலைக்கு மேலே கனமழை கொட்டினால் கதையே வேறு. சில நிமிடங்களில் தண்ணீரின் நிறம் மாறும், குளிக்கத் தடை வரும், பாதைகள் மூழ்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைப் பறித்தது. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசி வழியாகப் போய்த் தாமிரபரணியில் கலக்கிறது. மலையில் பெய்யும் மழை, எங்கோ கீழே இருக்கும் ஊரைத் தீவாக்கிவிடும்.

2023 டிசம்பரில் அது நடந்தது. டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்காசி, நெல்லை, தூத்துக்குடி, குமரி ஆகிய 4 மாவட்டங்களிலும் பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சுமார் 800 பயணிகள் அதில் இருந்தார்கள். சுற்றிலும் தண்ணீர், சாலை இல்லை, தொலைத்தொடர்பும் திணறியது. மீட்புக் குழு நெருங்க முடியாத நிலையில், ஹெலிகாப்டரிலிருந்துதான் உணவுப் பொட்டலங்கள் போடப்பட்டன.

அக்கரையில் இருப்பவரைக் கண்ணால் பார்க்க முடிகிறது. ஆனால் ஒரு பொட்டலம் சோற்றை அவர் கையில் சேர்க்க முடியவில்லை. ஹெலிகாப்டரும் கைபேசியும் இல்லாத 1930-களில் இந்த நிலைமை எப்படி இருந்திருக்கும்? பருவமழை வந்தால் வங்காளத்து ஆறுகள் ஊர்களை வாரக்கணக்கில் துண்டித்துவிடும். ஸ்மித் பார்த்த உலகம் அதுதான்.

பள்ளிக்கூடத்துப் பல்லியில் தொடங்கியது

ஸ்மித் 1891 பிப்ரவரி 14-ஆம் தேதி ஷில்லாங்கில் பிறந்தார். இன்றைக்கு அது மேகாலயாவின் தலைநகரம். பள்ளிப் படிப்பு வங்காளத்தின் அசன்சோலில், செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளியில். அந்த நாட்களைப் பற்றி அவர் வாழ்க்கைக் குறிப்புகளில் தவறாமல் வரும் கதை ஒன்று உண்டு. நண்பர்களோடு சேர்ந்து, வாணவேடிக்கை ராக்கெட்டில் பல்லி, ஓணான் போன்றவற்றை ஏற்றிப் பள்ளியின் நீச்சல் குளத்துக்கு மேலே பறக்கவிட்டாராம். இன்றைய கண்ணுக்கு அது கொடுமைதான். ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். ராக்கெட் எவ்வளவு உயரம் போகும் என்பதைவிட, அது எதைச் சுமந்துகொண்டு அக்கரை சேரும் என்பதுதான் அந்தச் சிறுவனை ஈர்த்திருக்கிறது.

இரண்டாவது பித்து, தபால்தலை. அவருக்கு 20 வயதானபோது இந்தியாவில் ஒரு சாதனை நடந்தது. 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத் கண்காட்சித் திடலிலிருந்து ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி, சுமார் 6,500 கடிதங்களுடன் யமுனையைத் தாண்டி நைனியில் இறங்கினார். தூரம் ஏறக்குறைய 10 கி.மீ., நேரம் 13 நிமிடம். அதிகாரபூர்வ விமானத் தபால் என்று உலகம் குறித்து வைத்திருக்கும் முதல் பயணம் அது. தபால் இனி ஆற்றங்கரையில் ஓடத்துக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று இந்திய மண்ணிலேயே நிரூபணமானது.

ஸ்மித்தின் பிழைப்பு இதற்கெல்லாம் சம்பந்தமே இல்லாமல் ஓடியது. முதலில் கொல்கத்தா சுங்கத் துறையில் வேலை. அடுத்து காவல் துறை. பிறகு பல் மருத்துவம் கற்று, சொந்தமாகத் தொழில் நடத்தினார். வேலைக்கு வெளியே அவருக்கு இருந்த முகம் வேறு: இந்திய விமானத் தபால் சங்கத்தின் செயலாளர். எந்த விமானம் எந்த ஊருக்கு என்ன தபால் கொண்டுபோனது என்பதை உட்கார்ந்து தொகுத்து எழுதிய மனிதர். இன்றைய மொழியில் சொன்னால், நாளெல்லாம் ஒரு வேலை, ராத்திரியில் சொந்தப் புராஜெக்ட்.

ராக்கெட் தபால் யாருடைய ஐடியா?

ஸ்மித்துடையது அல்ல. ஆஸ்திரியாவில் ஃபிரெட்ரிக் ஷ்மீடல் என்ற இளைஞர் அவருக்கு முன்பே தொடங்கிவிட்டார். ஆல்ப்ஸ் மலை கிராமங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும், நடுவில் பள்ளத்தாக்கு. நடந்து போனால் பல மணி நேரம். 1931 பிப்ரவரி 2 அன்று ஷாக்கெல் மலையிலிருந்து அடிவாரத்து ஊருக்கு 102 கடிதங்களை ராக்கெட்டில் அனுப்பினார். அது வெற்றி.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. 1934 ஜூலையில் ஜெர்மானியரான கெர்ஹார்ட் சுக்கர், ஸ்காட்லாந்தின் ஸ்கார்ப் தீவிலிருந்து அக்கரைக்குத் தபால் ராக்கெட் விட்டார். வெடித்துச் சிதறியது. கருகிய கடிதங்கள் கடற்கரையெங்கும் பறந்தன.

இதற்கெல்லாம் முன்னோடியான இன்னொரு பயன்பாடும் உண்டு. 1807-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையோரம் ஒரு போர்க்கப்பல் தரைதட்டி, கரையில் நின்றவர்களின் கண்ணெதிரே பலர் மூழ்கி இறந்தனர். அதைப் பார்த்த ஹென்றி ட்ரெங்ரௌஸ், கயிறு கட்டிய ராக்கெட்டைக் கரைக்கும் கப்பலுக்கும் நடுவே செலுத்தும் முறையை உருவாக்கினார். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மனிதர்கள் கரையேறலாம். கயிறு எறியும் கருவி இன்றும் வணிகக் கப்பல்களில் கட்டாயம். உயிரைக் காக்கவும் ராக்கெட் உதவும் என்பது ஸ்மித் காலத்திலேயே பழைய செய்திதான்.

பட்டாசுக் கடைப் பொருள், தபால்காரர் வேலை

ஸ்மித்திடம் ஆய்வுக்கூடம் கிடையாது. அரசு நிதி கிடையாது. எனவே கையில் கிடைப்பதை வைத்து ஆரம்பித்தார். ராக்கெட் செய்து கொடுத்தது கொல்கத்தாவில் இருந்த ஓரியன்டல் ஃபயர்வொர்க்ஸ் என்ற வாணவேடிக்கை நிறுவனம். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வேட்டு செய்யும் அதே கைத்தொழில்தான். தென்காசிக்காரர்களுக்குச் சிவகாசி பக்கம் என்பது போல, அவருக்கு அது பக்கம்.

இந்த ராக்கெட் எப்படி வேலை செய்கிறது? கெட்டியான காகிதக் குழாய். உள்ளே இறுக்கி அடைத்த கரிமருந்து. கீழே ஒரு சின்ன வாய். மருந்து எரியும்போது உண்டாகும் சூடான வாயு அந்த வாய் வழியே பின்பக்கம் பீறிடும். வாயு பின்னால் போக, குழாய் முன்னால் போகிறது. ஊதிய பலூனைக் கட்டாமல் விட்டால் அறை முழுக்க ஓடுமே, அதே கணக்கு.

பலூன் கோணல்மாணலாகச் சுற்றும். ராக்கெட் நேராகப் போகிறது. காரணம், அந்த நீளக் குச்சி. பறக்கும் பொருளின் எடை மையம் முன்னாலும், காற்றுத் தள்ளும் மையம் பின்னாலும் இருந்தால் அது திசை மாறாமல் போகும். குச்சி லேசானது, ஆனால் நீளமானது. ராக்கெட் சாயும்போதெல்லாம் காற்று அந்தக் குச்சியைத் தள்ளி மறுபடி நேராக்கிவிடும். அம்பின் வாலில் இறகு வைப்பதும் இதற்காகத்தான்.

தபால் ஏற்றினால் என்ன மாறும்? கடிதங்களைத் தலைப்பக்கம் வைத்தால் எடை மையம் இன்னும் முன்னுக்குப் போகும். அது நல்லது. ஆனால் கூடும் ஒவ்வொரு கிராமும் உயரத்தையும் தூரத்தையும் தின்னும். தள்ளுவிசை போதவில்லையே என்று மருந்தைக் கூட்டினால் வேறு ஆபத்து. அடைத்த மருந்தில் மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் நெருப்பு அதற்குள் புகுந்துவிடும். எரியும் பரப்பு சட்டென்று பல மடங்காகும், உள் அழுத்தம் எகிறும், காகிதக் குழாய் தாங்காது. ராக்கெட் வெடிகுண்டாகிவிடும். சாதாரண ராக்கெட்டுக்கும் வெடிக்கும் ராக்கெட்டுக்கும் நடுவே இருப்பது அந்த மயிரிழைதான்.

குழாயை உலோகமாக்கினால் அதிக அழுத்தம் தாங்கும். இதை இந்தியாவில் முன்பே செய்து காட்டியவர்கள் மைசூர் படையினர். ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்து ராக்கெட்டுகளுக்கு இரும்புக் குழாய். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே புள்ளலூர்ப் போரில் ஆங்கிலேயப் படை அதன் வேகத்தை அனுபவித்தது. ஆனால் ஸ்மித்துக்கு வேண்டியது எதிரி மேல் விழும் ராக்கெட் இல்லை. கொண்டுபோன பொருள் முழுசாகக் கையில் கிடைக்க வேண்டும். அது இன்னும் கஷ்டமான வேலை.

முதல் நாளே வெடித்தது

1934 செப்டம்பர் 30. கங்கை கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் சாகர் தீவு. கரைக்கு அப்பால் நின்ற கப்பலிலிருந்து தீவை நோக்கி ராக்கெட் கிளம்பியது. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள்.

வானத்திலேயே வெடித்தது. கடிதங்கள் நாலாபக்கமும் சிதறின. வேறு யாராக இருந்தாலும் அன்றோடு மூட்டை கட்டியிருப்பார்கள். ஸ்மித் கடிதங்களைத் தேடிச் சேகரித்தார். பெரும்பாலானவை மீட்கப்பட்டன. விளிம்பு கருகிய அந்த உறைகள், பிறகு சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு வாங்கும் பொருளாகின.

வெடித்த தபாலுக்கும் விலை உண்டு என்பது ஸ்மித்தின் முயற்சியைத் தாங்கிப் பிடித்த தூண். ராக்கெட்டில் போகும் கடிதங்களுக்கு அவர் தனி உறைகளும் ஒட்டுச்சீட்டுகளும் அச்சிட்டார். ராக்கெட்கிராம் என்று அவற்றுக்குப் பெயர். உலகெங்கும் இருந்த தபால்தலை ஆர்வலர்கள் அவற்றை வாங்கினர். இன்றைய கிரவுட் ஃபண்டிங் போல ஒரு ஏற்பாடு. அதே காரணத்தால் ஒரு சந்தேகமும் எழும்: இது சேவையா, வெறும் உறை வியாபாரமா? ஸ்மித் எந்தெந்த இடங்களில், எதை ஏற்றிச் சோதித்தார் என்று பார்த்தால் அதற்குப் பதில் கிடைக்கும்.

சிக்கிம்: மலையும் ஆறும் நடுவே நின்ற இடம்

1935 ஏப்ரலில் ஸ்மித் சிக்கிம் போனார். அப்போது அது தனி அரசு. மன்னர் தாஷி நம்கியால் இந்த முயற்சியில் ஆர்வம் காட்டி, ஆதரவும் தந்தார். கேங்டாக் வட்டாரத்தில் ஆற்றின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ராக்கெட்டுகள் பறந்தன. நிலச்சரிவில் பாதை போனால் பக்கத்து ஊரே வெளிநாடு ஆகிவிடும் மலைநாடு அது. ராக்கெட் தபாலுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

இங்கே ஸ்மித் ஒரு படி மேலே போனார். கடிதத்தோடு நிற்காமல், தேயிலை, சர்க்கரை, கரண்டி போன்ற அன்றாடப் பொருட்களைப் பொட்டலமாகக் கட்டி அனுப்பினார். ராக்கெட்டில் பார்சல். சுமை சின்னதுதான். ஆனால் காகிதத்துக்கு மட்டுமில்லை, தேவைப்படும் பொருளுக்கும் இந்த வழி உதவும் என்பதற்கு அது சோதனை.

அடுத்த மாதமே நாடு நடுங்கியது. 1935 மே 31 அதிகாலையில் குவெட்டாவில் நிலநடுக்கம். பல்லாயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். ஜூன் மாதத் தொடக்கத்தில் ஸ்மித், வங்காளத்தின் ரூப்நாராயண் ஆற்றுக்குக் குறுக்கே உணவுப் பொருட்கள் நிரப்பிய ராக்கெட்டை அனுப்பினார். பேரிடரில் சிக்கியவர்களுக்கு இப்படியும் உதவி அனுப்பலாம் என்று செய்து காட்டும் முயற்சி. ஸ்ரீவைகுண்டத்தில் ஹெலிகாப்டர் செய்த வேலையை, 88 வருடம் முன்னால் பட்டாசுக் குழாயை வைத்து ஒருவர் யோசித்திருக்கிறார்.

சேவலும் கோழியும் பறந்த கதை

பொருள் போகும், சரி. உயிர் போய்ச் சேருமா? 1935 ஜூன் 29 அன்று தாமோதர் ஆற்றங்கரையில் ஸ்மித் அதையும் சோதித்தார். வெள்ளத்தால் ஆண்டாண்டாகச் சனங்களை அழவைத்த ஆறு அது. வங்காளத்தின் துயரம் என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு.

ராக்கெட்டில் ஒரு சேவல், ஒரு கோழி. கூடவே கடிதங்கள். ராக்கெட் ஆற்றைத் தாண்டி அக்கரையில் விழுந்தது. திறந்து பார்த்தால் இரண்டும் உயிரோடு இருந்தன. ஆதாம், ஏவாள் என்று பெயர் பெற்ற அந்த ஜோடி பிறகு கொல்கத்தாவில் ஒரு தனியார் உயிரியல் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னொரு முறை ஒரு பாம்பும் ஓர் ஆப்பிளும் பயணம் செய்தன. ஏதேன் தோட்டக் கதையை முழுசாக ராக்கெட்டில் ஏற்றிவிட்டார் மனிதர்.

செய்தித்தாள்களுக்குத் தீனி போடும் விளம்பரம் இதில் உண்டு, மறுக்க முடியாது. இன்றைக்கு இப்படிச் செய்தால் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் கதவைத் தட்டும். ஆனால் சோதனையாகப் பார்த்தால் அது சொன்ன செய்தி தெளிவானது. கிளம்பும்போது வரும் உதறலையும், வெப்பத்தையும், விழும்போது ஏற்படும் அதிர்ச்சியையும் ஒரு கோழி தாங்குமென்றால், ஒரு மருந்துப் புட்டியையும் காப்பாற்றிக் கொண்டுபோகலாம். அனுப்புவது பாதி வேலைதான். பத்திரமாக இறக்குவது மீதிப் பாதி. விண்வெளித் துறைக்கு இன்றும் அதுதான் தலைவலி.

ஏன் தபால் துறை ஏற்கவில்லை?

இத்தனை செய்தும் ராக்கெட் தபால் நிரந்தரச் சேவையாகவில்லை. காரணங்களை யோசித்தால் புரியும்.

முதலாவது, நம்பகம். பத்துக் கடிதத்தில் ஒன்று எரிந்துபோகலாம் என்றால் எந்தத் தபால் நிலையமும் ஒப்புக்கொள்ளாது. இரண்டாவது, குறி. கரிமருந்து ராக்கெட்டைக் கிளப்பிய பிறகு திருப்ப முடியாது. காற்று கொஞ்சம் அடித்தாலும் விழும் இடம் மாறும். அக்கரையில் ஊர் இருந்தால் அது யார் தலையில் விழும்? மூன்றாவது, சுமை. ஒரு ஓடம் தூக்கும் தபால் மூட்டைக்கு எத்தனை ராக்கெட் வேண்டும்? நான்காவது, விமானம். அதே காலத்தில் விமானங்கள் வேகமாக வளர்ந்து, விலை குறைந்து, நம்பகமாகிக்கொண்டிருந்தன.

அமெரிக்கா போன்ற பணக்கார நாடுகூட இதில் தோற்றது. 1959 ஜூன் 8 அன்று யு.எஸ்.எஸ். பார்பெரோ என்ற நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ரெகுலஸ் ஏவுகணையில் 3,000 கடிதங்களை அனுப்பினார்கள். ஃபுளோரிடாவில் அழகாகப் போய் இறங்கியது. அதோடு சரி. செலவு கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார்கள்.

மருந்திலிருந்து வாயுவுக்கு

ஸ்மித் இதெல்லாம் தெரியாதவர் இல்லை. அதனால்தான் வடிவத்தை மாற்றிக்கொண்டே இருந்தார். பிற்காலச் சோதனைகளில் கரிமருந்தை விட்டு, வாயுவால் உந்தப்படும் ராக்கெட்டுகளையும் முயன்றார். நெருப்பு இல்லையென்றால் கடிதம் கருகாது. பொருள் கெடாது.

1944 டிசம்பர் 4-ஆம் தேதி அவருடைய கடைசி ஏவல். அதே 1944-ல் உலகம் வேறு ஒரு ராக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. செப்டம்பரிலிருந்து ஜெர்மனியின் வி-2 ஏவுகணைகள் லண்டன் மேல் விழுந்தன. வருவதே தெரியாது, சத்தம் கேட்பதற்குள் தெருவே இருக்காது. ஒரு பக்கம் நாட்டின் மொத்தத் தொழில் பலமும் சேர்ந்து செய்த அழிவு ராக்கெட். இன்னொரு பக்கம் ஒரு பல் மருத்துவர் சேமிப்பிலும் உறை விற்ற காசிலும் செய்த தபால் ராக்கெட். எதற்குப் பணம் கிடைத்தது என்பதில் அந்த நூற்றாண்டின் கதையே இருக்கிறது.

1951 பிப்ரவரி 15 அன்று, 60-ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், ஸ்மித் காலமானார். 12 ஆண்டு கழித்து, 1963 நவம்பர் 21-ல் திருவனந்தபுரம் அருகே தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. தென்காசியிலிருந்து செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் சில மணி நேரப் பயணம். அங்கேயும் ஆரம்பம் ஆடம்பரமாக இல்லை. ஒரு தேவாலயம்தான் அலுவலகம், உதிரிபாகங்கள் சைக்கிளில் போயின. கையில் இருப்பதை வைத்துத் தொடங்குவது இந்திய ராக்கெட்டுக்குப் பழகிப்போன வழி.

1992 டிசம்பரில் இந்திய அஞ்சல் துறை ஸ்மித்தின் நூற்றாண்டு நினைவாகத் தபால்தலை வெளியிட்டது. அவர் வாழ்நாளில் கிடைக்காத அங்கீகாரம், அவர் உயிராக நேசித்த அந்தச் சின்னக் காகித வடிவத்திலேயே வந்து சேர்ந்தது.

நீங்களும் ஒன்று செய்யலாமா?

செய்யலாம். ஆனால் மருந்து வைத்து வேண்டவே வேண்டாம். பட்டாசைப் பிரித்து மருந்து எடுப்பது, தீக்குச்சித் தலையைச் சுரண்டி அடைப்பது எல்லாம் கையையும் கண்ணையும் பறிக்கும் வேலை. உரிமம் இல்லாமல் வெடிமருந்து தயாரிப்பது 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றமும்கூட. மருந்தைத் தொழிலாகச் செய்யும் இடங்களிலேயே ஆண்டுதோறும் விபத்து நடக்கிறது என்பது விருதுநகர், தென்காசி பக்கத்து மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஸ்மித் கடைசியில் போன வழியில் போகலாம்: நெருப்பில்லாத ராக்கெட். தேவை, காலியான சோடா அல்லது கோலா பாட்டில். வெறும் தண்ணீர் பாட்டில் மெல்லியது, அழுத்தம் தாங்காது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, சைக்கிள் டியூப் வால்வு செருகிய ரப்பர் தக்கையால் இறுக்கி மூட வேண்டும். தலைகீழாக ஒரு தாங்கியில் நிறுத்தி, சைக்கிள் பம்பால் காற்று அடிக்க வேண்டும். அழுத்தம் கூடியதும் தக்கை பிடுங்கிக்கொள்ளும். காற்று தண்ணீரைக் கீழே தள்ள, பாட்டில் மேலே பாயும்.

குச்சிக்குப் பதில் பழைய அட்டைப்பெட்டியில் வெட்டிய மூன்று இறக்கைகளைப் பாட்டிலின் வாய்ப்பக்கம் ஒட்ட வேண்டும். மேல்பக்கம் காகிதக் கூம்பு, அதற்குள் கொஞ்சம் களிமண். நேராகப் பறக்குமா என்று தெரிய ஒரு எளிய சோதனை உண்டு. தண்ணீர் இல்லாமல், எடை சமமாகும் இடத்தில் ஒரு நீளக் கயிறு கட்டித் தலைக்கு மேலே சுழற்றிப் பாருங்கள். கூம்பு முன்னோக்கியே போனால் சரி. வால் முன்னால் வந்தால் களிமண்ணைக் கூட்டவும் அல்லது இறக்கையைப் பெரிதாக்கவும்.

கீறல் விழுந்த பாட்டிலைப் பயன்படுத்தக் கூடாது. காற்று அடிப்பவர் நீளக் குழாயோடு தள்ளி நிற்க வேண்டும். கிளம்பாத ராக்கெட்டின் மேல் குனிந்து எட்டிப் பார்க்கவே கூடாது. கண்ணாடி அணிவது நல்லது. சின்னப் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். மின்கம்பி இல்லாத, ஆள் நடமாட்டம் இல்லாத திறந்த மைதானம் வேண்டும்.

ஆறு தாண்டிய தபால்

2022 மே மாதம் குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் அஞ்சல் துறை ஒரு சோதனை செய்தது. சுமார் 46 கி.மீ. தூரத்துக்கு ட்ரோனில் தபால் அனுப்பியது. அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. திசை மாற்ற முடியும், குறி தவறாது, பத்திரமாக இறங்கும். ஸ்மித்தின் ராக்கெட்டால் முடியாததெல்லாம் ட்ரோனால் முடிகிறது.

அப்படியானால் ஸ்மித் தோற்றவரா? அவர் எடுத்த கருவி தோற்றது. அவர் கேட்ட கேள்வி தோற்கவில்லை. பாதை அறுந்தால் அக்கரையில் இருப்பவருக்கு யார், எப்படி, எவ்வளவு சீக்கிரம் உதவி சேர்ப்பது? சிற்றாறும் தாமிரபரணியும் பொங்கும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் இந்தக் கேள்வி தென் மாவட்டங்களுக்குத் திரும்பி வருகிறது. அடுத்த தீபாவளிக்குத் தென்காசித் தெருவில் ஒரு ராக்கெட் சீறிக் கிளம்பும்போது, அதன் தலையில் ஒரு கடிதத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். கொல்கத்தாவில் ஒருவர் கற்பனையோடு நிற்காமல், 270 முறை அதைக் கொளுத்திப் பார்த்திருக்கிறார்.